கதவு நிலையில் பென்சில் கோடு

ஜூன் 14, கல்லிடைக்குறிச்சி

என் பிள்ளையைக் கதவு நிலையோடு ஒட்டி நிற்க வைத்துக் கோடு போட்டேன். 112 செ.மீ. போன வருஷக் கோடு 106. ஆச்சிக்குப் பிடிக்கவில்லை. "பிள்ளையை அளக்காதட்டி, கண்ணு பட்டுரும்." என்ன செய்ய, டாக்டர் முதலில் கேட்பதே உயரம்தான்.

பிறந்த ஒன்பதாம் நாள் ஆபரேஷன். சிறுநீர்த்தாரைக்குள் வால்வு மாதிரி ஒரு சவ்வு மறித்துக்கொண்டிருந்தது. ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் வருவது. கேமராக் குழாய் விட்டு வெட்டினார்கள். அடைப்பு போய்விட்டது. ஆனால் வயிற்றில் இருக்கும்போதே அழுத்தம் தாங்கிய சிறுநீரகங்கள் அப்படியேதான் இருக்கின்றன.

ஜூன் 16

பாசஞ்சரில் திருநெல்வேலி. சேரன்மகாதேவி வரை சாரல், அப்புறம் வெயில்.

பிரஷர் பார்க்கச் சின்னப் பட்டை இல்லை என்று பெரியவர்களுக்கானதைச் சுற்றப் போனார்கள். அது குறைத்துக் காட்டும் என்று சொல்லி, தேடி எடுத்துவர வைத்தேன். முறைத்தார்கள். முறைக்கட்டும். ஸ்கேனில் ஒன்றுக்குப் போனபிறகும் சிறுநீர்ப்பையில் கொஞ்சம் மீதி நின்றது.

கிரியேட்டினின், சிறுநீரகம் ரத்தத்திலிருந்து வெளியேற்ற வேண்டிய கழிவு, 0.6. லேப் தாளில் பக்கத்திலேயே 'நார்மல்'. போனில் இவன் அப்பா, "பெறகென்ன?" என்றார். அந்த அளவு பெரியவர்களுக்கு உரியது. பிள்ளைக்கு உயரத்தை 0.413-ஆல் பெருக்கி, கிரியேட்டினினால் வகுக்க வேண்டும். சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று சொல்கிற எண் அது. 77 வந்தது. போன வருஷம் 0.5, கணக்குப்படி 88. தொண்ணூறுக்கு மேல் இருந்தால் நிம்மதி. ரயிலில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், அதே 77.

டாக்டர் பதறவில்லை. "ஒரு தடவை வந்த நம்பரை வச்சு முடிவு கட்டாதீங்க. தண்ணி ஒழுங்கா குடிக்கானா?"

ஜூன் 17

பள்ளிக்கூடப் பையில் தண்ணீர் பாட்டில் நிரம்பியபடியே இருந்தது. கேட்டேன். "குடிச்சா ஒண்ணுக்கு வரும்மா. டீச்சர் விட மாட்டாங்க."

அடுப்படியில் போய் நின்றுகொண்டேன். இவன் சிறுநீரகத்துக்குத் தண்ணீரைப் பிடித்துவைக்கத் தெரியாது. குடிக்காவிட்டாலும் மூத்திரம் போய்க்கொண்டே இருக்கும், உடம்புதான் வற்றும். பத்து நாளாக வற்றிப்போய்த்தான் சோதனைக்கு ரத்தம் கொடுத்திருக்கிறான், அதில்தான் அந்த 0.6.

ஜூன் 18

டாக்டர் சீட்டோடு பள்ளிக்கூடம் போனேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம், கேட்காமலே போகலாம். போய்விட்டு, சற்று நின்று மறுபடி ஒரு தரம். "இவனை விட்டா எல்லாரும் கேப்பாங்களே" என்றார் டீச்சர். கேட்கட்டுமே, பிள்ளைகள்தானே!

ஜூன் 22

ஊரே அப்பளத்துக்குப் பேர்போனது, என் பிள்ளைக்கு மட்டும் பாதி அப்பளம். உப்பு. ஆச்சி முந்தானைக்குள் ஒன்று மறைத்துக் கொடுத்ததைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஜூலை 5

மறு பரிசோதனை. 0.54. கணக்குப் போட்டால் 86. பாட்டில் இப்போது காலியாக வருகிறது.

மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்கள். மீசை முளைக்கிற வயதில் உடம்பு வளர்கிற வேகத்துக்கு இந்தச் சிறுநீரகம் ஈடுகொடுக்குமா என்பதுதான் பெரிய பரீட்சையாம். அதுவரை வருஷா வருஷம் கோடு.

வீட்டுக்கு வந்து பார்த்தால் கோட்டைக் காணோம். ஆச்சி வெள்ளிக்கிழமைக்கு நிலையைக் கழுவி மஞ்சள் பூசியிருக்கிறாள். நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன்: 112.