பிக்கப் தூக்கிப் போடுகிறதா? ஷாக் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

காலி பிக்கப் பின்பக்கம் தூக்கித் தூக்கிப் போட்டால் எல்லோருக்கும் முதலில் ஷாக் அப்சார்பர் மேல்தான் சந்தேகம் வரும். பல சமயம் சந்தேகம் சரிதான். ஆனால் விலை உயர்ந்த புது ஷாக் போட்டும் வண்டி அதே குதி குதிப்பதும் உண்டு, முன்பைவிட முரடாக மாறுவதும் உண்டு. எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது மட்டுமே ஷாக்கின் வேலை. உள்ளே இருக்கும் ஆயில் சின்னத் துளைகள் வழியாக நெருக்கிக்கொண்டு போகும்போது ஆட்டம் சூடாக மாறி வெளியேறுகிறது, அவ்வளவுதான். முழு லோடுக்காகக் கட்டிய ஸ்பிரிங் பட்டை காலி வண்டியில் வளையவே யோசிக்கும். அதை மெத்தென்று ஆக்கும் ஷாக் எதுவும் கிடையாது.

அதனால் காசு செலவழிக்கும் முன் மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலில் டயர் காற்று. பல பிக்கப்களில் கதவு ஓரத்து ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ லோடு இருக்கும்போது ஓர் அளவு, இல்லாதபோது ஓர் அளவு என்று பின் டயருக்கு இரண்டு அளவுகள் போட்டிருக்கும். லோடு அளவிலேயே காற்றை வைத்துக் காலியாக ஓட்டினால் ரோட்டில் கிடக்கும் ஒவ்வொரு கல்லும் சீட்டில் தெரியும். டயர் சூடாகும் முன் பார்த்து, கம்பெனி சொன்ன அளவுக்கு இறக்குங்கள். அதற்குக் கீழே போகாதீர்கள். அடுத்தது பட்டைகள். அவற்றின் முனைகளுக்கு நடுவில் வைத்திருக்கும் பிளாஸ்டிக் அல்லது ரப்பர் பேடு தேய்ந்துவிட்டால் இரும்போடு இரும்பு உரசித் துருப்பிடித்துக்கொள்ளும். அப்புறம் சின்னக் குழிகளுக்குப் பட்டை அசையவே அசையாது, அடி நேராக சேசிஸுக்குப் போய்விடும். மூன்றாவது, ஆக்சிலுக்கு மேலே இருக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர், அதாவது ஆக்சில் மேலே வந்து சேசிஸில் இடிக்காமல் தடுக்கும் கட்டை. அதில் புதிதாகப் பளபளவென்று தேய்ந்த தடம் இருந்தால் வண்டி அடிக்கடி அதில் இடிக்கிறது. பட்டை தளர்ந்து பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது என்று பொருள்.

இதெல்லாம் சரியாக இருந்தால் ஷாக்குக்கு வரலாம். பம்பரை அமுக்கி விட்டுப் பார்க்கும் சோதனை கார்களுக்கே அரைகுறையானது. பட்டை வைத்த பிக்கப்பில் பட்டைகளின் உரசலே ஆட்டத்தை நிறுத்திவிடும் என்பதால் செத்த ஷாக் கூட நல்லதாகத் தெரியும். ஓட்டிப் பார்ப்பதுதான் சரி. வேகத்தடை தாண்டிய பிறகு வண்டி இரண்டு மூன்று முறை மேலும் கீழும் ஆடினால் ரீபவுண்ட், அதாவது ஷாக் விரியும்போது காட்டும் எதிர்ப்பு, போய்விட்டது. அலை அலையான மண் ரோட்டில் பின்பக்கம் பக்கவாட்டில் நழுவினால் சக்கரம் தரையை விட்டு எழும்புகிறது. கிளம்பும்போது நன்றாக இருந்து, கரடுமுரடான ரோட்டில் கொஞ்ச நேரம் ஓடியதும் தொளதொளத்தால் ஆயில் சூடேறி நுரைக்கிறது. டயரின் மேல்பரப்பை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். அங்கங்கே பள்ளம் பள்ளமாகத் தேய்ந்திருந்தால் அதுவும் தளர்ந்த ஷாக்கின் வேலையாக இருக்கலாம். ராடு (ஷாக்கிலிருந்து நீண்டு வரும் கம்பி) நுழையும் வாயில் இருக்கும் சீலுக்குக் கீழே லேசான ஈரமும் அதில் ஒட்டிய தூசியும் சாதாரணம். ஆயில் வழிந்து அடிவரை இறங்கியிருந்தால் மாற்ற வேண்டியதுதான்.

இனி எந்த ஷாக் என்ற கேள்வி. ஷாக் அமுங்கும்போது காட்டும் எதிர்ப்பைவிட விரியும்போது காட்டும் எதிர்ப்பு பொதுவாக அதிகம். அமுங்கும்போது ஸ்பிரிங்கும் சேர்ந்து எதிர்க்கிறது. விரியும்போது ஸ்பிரிங் சேமித்து வைத்த மொத்த சக்தியையும் ஷாக் தனியாகப் பிடிக்க வேண்டும். இந்த ரீபவுண்ட் தேவைக்கு மேல் இறுக்கமாக இருந்தால் வேறொரு கோளாறு வரும். அடுத்தடுத்து மேடு வரும்போது சக்கரம் முழுதாகக் கீழே இறங்கும் முன் அடுத்த மேடு வந்துவிடும். வண்டி படிப்படியாகக் கீழே உட்கார்ந்து, நாலாவது ஐந்தாவது மேட்டில் பம்ப் ஸ்டாப்பில் இடிக்கும். ஓட்டுபவர் 'ஷாக் தளர்ந்துவிட்டது' என்று நினைத்து இன்னும் இறுக்கமானதை வாங்குவார். இந்தத் தப்பான முடிவால் வீணாகும் பணம் கொஞ்சநஞ்சமில்லை.

ட்வின் டியூப் வகையில் குழாய்க்குள் குழாய், குறைந்த அழுத்தத்தில் நைட்ரஜன். மோனோ டியூபில் ஒரே குழாய், ஆயிலையும் வாயுவையும் பிரிக்கும் மிதக்கும் பிஸ்டனுக்குப் பின்னால் அதிக அழுத்தத்தில் நைட்ரஜன். மோனோ டியூப் சூட்டை வேகமாக வெளியேற்றும், எளிதில் நுரைக்காது. ஆனால் குழாயில் கல்லடிபட்டு நசுங்கினால் பிஸ்டன் சிக்கி அதோடு முடிந்தது. அந்த வாயு அழுத்தம் ராடை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். 14 மி.மீ. ராடு, 25 பார் அழுத்தம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு ஷாக்குக்குச் சுமார் 39 கிலோ விசை. காலி வண்டியின் பின்பக்கம் இதிலேயே சற்று எழும்பும்.

பெரும்பாலும் காலியாகவோ லேசான லோடோடோ தார் ரோட்டில் ஓடும் வண்டிக்கு, கம்பெனி ஷாக்குக்கு இணையான ட்வின் டியூப்தான் என் தேர்வு. கேஒய்பி எக்ஸெல்-ஜி அந்த ரகம். அதே கம்பெனியின் கேஸ்-அ-ஜஸ்ட் மோனோ டியூப், அது இறுக்கமாகவே இருக்கும். பில்ஸ்டீன் 4600 உயர்த்தாத, கம்பெனி விட்ட உயரத்திலேயே இருக்கும் வண்டிகளுக்கும், 5100 உயர்த்திய வண்டிகளுக்கும் பேர்போனவை. இவற்றில் ராடு மெதுவாக நகரும்போதே எதிர்ப்பு சட்டென்று ஏறிவிடும். லோடோடு வேகமாகப் போகிறவருக்கும் நீண்ட மண் ரோட்டில் ஓட்டுகிறவருக்கும் அந்தப் பிடிப்பு அருமை. மெத்தென்ற ஓட்டத்தை எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான். லோடு தினம் தினம் மாறுமானால் ராஞ்சோ ஆர்எஸ்9000எக்ஸ்எல் மாதிரி 9 நிலைகளில் திருகி மாற்றும் ஷாக் பொருந்தும். காலியாக ஓடும்போது கீழ் நிலையில் வைக்க மறக்காதீர்கள்.

லோடில் பின்பக்கம் தாழ்கிறது என்பதற்காகச் சுருள் ஸ்பிரிங் சுற்றிய ஷாக்கோ காற்று அடிக்கும் ஷாக்கோ போடாதீர்கள். ஷாக் மாட்டும் பிராக்கெட் எடை தாங்கச் செய்ததில்லை, வெல்டிங்கோடு பிய்ந்துவிடும்.

நீளத்தை அளந்துதான் வாங்க வேண்டும். வண்டி தரையில் நிற்கும்போது மேல் போல்ட் நடுவிலிருந்து கீழ் போல்ட் நடுவரை 480 மி.மீ. என்று வையுங்கள். ஆக்சிலுக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் இடைவெளி 90, ரப்பர் நசுங்குவது 30. இரண்டையும் கழித்தால் மீதி 360. இதில் 15 மி.மீ. பாதுகாப்புக்கு விடுங்கள். ஆக, முழுதாக மூடிய ஷாக் 345 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. ஷாக் சாய்ந்து நிற்பதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும், அதை உபரிப் பாதுகாப்பாக விட்டுவிடுங்கள். அதேபோல் ஆக்சிலைத் தொங்கவிட்டு விரிந்த நீளத்தையும் அளக்க வேண்டும். அப்போது பிரேக் ஹோஸ் விறைத்து இழுபடக் கூடாது.

மாட்டும்போது பின் ஆக்சிலுக்குக் கீழே ஜாக்கி கொடுத்துவிட்டுத்தான் பழைய ஷாக்கைக் கழற்ற வேண்டும், இல்லையென்றால் ஆக்சில் சட்டென்று இறங்கும். ட்வின் டியூபை நேராக நிறுத்தி நாலைந்து முறை முழுதாக இழுத்து அமுக்கி, உள்ளே சேர்ந்த காற்றை வெளியேற்றி, சாய்க்காமல் மாட்டுங்கள். நட்டு சுற்றும்போது ராடும் சேர்ந்து சுற்றுகிறதே என்று பிளையரால் ராடைப் பிடிக்கவே கூடாது. குரோமில் விழும் ஒரு கீறல் சில வாரங்களில் சீலைக் கிழித்துவிடும். ராடின் முனையில் தட்டைப் பிடியோ அறுகோணக் குழியோ இருக்கும், அதில் ஸ்பேனர் போடுங்கள். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டைச் சக்கரங்கள் தரையில் நின்று முழு எடையும் இறங்கிய பிறகே இறுதியாக முறுக்க வேண்டும். தொங்கும் நிலையிலேயே முறுக்கிவிட்டால் புஷ் எப்போதும் முறுகியபடியே இருந்து, வண்டியை விறைப்பாக்கி, சீக்கிரம் கிழியும்.

ஷாக்கை எப்போதும் ஜோடியாக மாற்றுங்கள். முன்பக்கம் சுருள் ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஸ்ட்ரட் என்றால், ஸ்பிரிங்கை அமுக்கும் சரியான கருவி இல்லாமல் மேல் நட்டைத் தொடவே தொடாதீர்கள், அது ஆளைக் கொன்றுவிடும் அளவுக்கு விசையோடு தெறிக்கும். ஸ்பிரிங்கோடு கோத்தே வரும் செட்டாகக் கிடைத்தால் அதை வாங்குவது நல்லது. மாட்டியதும் வீல் அலைன்மென்ட் பார்த்துவிட்டு, சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லா நட்டுகளையும் டார்க் ரெஞ்சால் ஒருமுறை சரிபாருங்கள்.