அவரவர் பை அவரவர் முதுகில்

அப்பாவோடு மலையேறக் கிளம்பினால் ஒரே ஒரு சட்டம்தான். அவரவர் பை அவரவர் முதுகில்.

எனக்கு முதன்முதலில் தரப்பட்ட பையில் ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு ஸ்வெட்டர், ஒரு விசில் இருந்தன. கிளம்பும்போது கனமே தெரியாது. ஏற்றம் தொடங்கிய பிறகு அதே பை தோளை அறுக்கும். "அப்பா, கொஞ்ச நேரம் நீங்க வச்சுக்கோங்களேன்" என்று கெஞ்சினால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். "உன் தண்ணியத்தானே நீ தூக்குற? குடி, குறையும்."

அம்மாவுக்கு மனசு கேட்காது. அவர் பார்க்காத நேரத்தில் என் ஸ்வெட்டரை எடுத்துத் தன் பைக்குள் திணித்துக்கொள்வாள். அடுத்து உட்காரும் இடத்தில் அப்பா ஒரு வார்த்தையும் பேசாமல் அதை எடுத்து மறுபடி என் பைக்குள் வைப்பார். அடிவாரத்து வெயிலில் ஸ்வெட்டர் எதற்கு என்று ஒருமுறை முறுக்கிக்கொண்டு நின்றேன். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குளிரும், நாம் ஏறப்போவது எவ்வளவு, கழித்துப் பார் என்றார். நடுப்பாதையில் நிற்கவைத்துக் கழித்தல் கணக்கு! விசிலுக்கும் தனிச் சட்டம் உண்டு. ஆபத்து என்றால் ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை ஊதிவிட்டு, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊத வேண்டும். மூன்று முறை பதில் வந்தால் யாரோ கேட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். விளையாட்டுக்கு ஊதினால் அன்று முழுக்க அவர் நம்மோடு பேச மாட்டார்.

அவர் பை எங்கள் எல்லோருடையதையும்விடப் பெரியது. கயிறு, கட்டுத்துணி, உபரி டார்ச், உபரி பேட்டரி, உபரி காலுறை, இரண்டாவது ரெயின்கோட். அந்த 'உபரி' எதுவும் எங்களுக்கு இல்லை. வழியில் வருகிற யாருக்கோ. அந்த யாரோ அநேகமாக ஒவ்வொரு முறையும் வந்தார்கள் என்பதுதான் வேடிக்கை.

மேட்டு விளிம்பில் நல்ல மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள். ஜீன்ஸும் டி-ஷர்ட்டுமாக ஒரு பையன் பாறை ஓரத்தில் வெடவெடத்துக்கொண்டு நின்றான். அப்பா அவனைப் பார்த்த மாத்திரத்தில் திட்டத் தொடங்கினார். "பருத்தியப் போட்டுக்கிட்டு மலைக்கு வர்றதா? சொல்ல வீட்ல ஆளில்லையா?" பருத்தி நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும், கம்பளி நனைந்தாலும் ஓரளவு தாங்கும் என்ற பாடத்தை அவனுக்கு நடத்திக்கொண்டே, தான் போட்டிருந்த கம்பளிச் சட்டையைக் கழற்றி அவனுக்கு மாட்டி, மேலே உபரி ரெயின்கோட்டையும் போர்த்தினார். திருப்பித் தர முகவரி கேட்டான் அவன். "பேசிட்டு நிக்காத. இருட்டுறதுக்குள்ள இறங்கு." அவ்வளவுதான்.

எனக்கு வயிறு எரிந்தது. என் பாட்டிலைத் தூக்காத மனுஷன், பெயர் தெரியாத எவனுக்கோ உடுத்தியிருந்த சட்டையைக் கழற்றிக் கொடுக்கிறார். அந்தப் பொறாமை பிறகு கரைந்துபோனது என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். முழுசாகக் கரையவில்லை.

எதிலும் கணக்கு அவருக்கு. சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு. வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் சொல்லிவைத்த கணக்கைத்தான் அவர் பின்பற்றினார்: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதற்குமேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். பத்து கிலோமீட்டர் தூரம், 900 மீட்டர் ஏற்றம் என்றால் மூன்றரை மணி நேரம் ஆகும். அதோடு தம்பியின் காலுக்கு ஒரு மணி நேரம் சேர்ப்பார். அதற்குக் கீழே "பூ – அரை மணி" என்று ஒரு வரி இருக்கும். அம்மா ஒவ்வொரு பூவுக்கும் நிற்பாள். அதற்காக அவளை அவர் ஒருநாளும் அவசரப்படுத்தியதில்லை. திரும்பும் நேரத்தைக் கடைசி வரியில் எழுதி வட்டமிடுவார். அது வந்துவிட்டால் எங்கே நின்றாலும் திரும்ப வேண்டும்.

ஒருமுறை உச்சி கண்ணெதிரே தெரிகிறது. மேலே நிற்பவர்களின் சட்டை நிறம்கூடத் தெரிகிறது. "மணி ஒண்ணு. திரும்பு" என்றார். தம்பி அழுதான், கத்தினான், தரையில் உட்கார்ந்தான். அவர் பாட்டுக்கு இறங்கத் தொடங்கிவிட்டார். அன்று மாலை வரை மழையும் இல்லை, மேகமும் இல்லை. இருபது நிமிடத்தில் ஏறியிருக்கலாம் என்று தம்பி இன்றைக்கும் சொல்வான். அப்பா கடைசிவரை அதற்குப் பதில் சொல்லவில்லை. என்னைக் கேட்டால் தம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

ஆனால் இடி விஷயத்தில் நான் அப்பா கட்சி. மின்னல் கண்ணில் பட்டதும் நாங்கள் சத்தமாக எண்ண வேண்டும். ஒலி நொடிக்கு 340 மீட்டர் போகிறது, மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டுவிட்டால் அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, மேட்டை விட்டு உடனே இறங்கியாக வேண்டும். வெட்டவெளியில் ஒற்றை மரத்தடியில் ஒதுங்கி நின்ற ஒரு கூட்டத்தை அவர் கத்தி விரட்டியதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் அவரைப் பைத்தியம் என்றே நினைத்தார்கள். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆனால்தான் மறுபடி நடை. கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இடையில் எங்கோ ஒன்று உறுமினால் மறுபடி முதலிலிருந்து முப்பது.

பகலெல்லாம் வாய் திறக்காதவர் ராத்திரியில் பேசுவார். டார்ச்சை அணைக்கச் சொல்வார். இருட்டுக்குக் கண் நன்றாகப் பழக அரை மணி நேரமாவது ஆகும், நடுவில் யாராவது வெளிச்சம் போட்டால் போச்சு. சப்தரிஷி மண்டலத்தின் ஓரத்து இரண்டு நட்சத்திரங்களை இணைத்து, அந்தத் தூரத்தைப்போல் ஐந்து மடங்கு நீட்டினால் துருவ நட்சத்திரம். அது அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி உயரத்தில் நிற்கிறதோ, ஏறக்குறைய அதுதான் நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகை. கையை நீட்டிப் பிடித்தால் ஒரு முஷ்டி பத்து டிகிரி. என் மணிக்கட்டைப் பிடித்து அடிவானத்தில் வைத்து, முஷ்டிமேல் முஷ்டியாக மேலே நகர்த்திக் காட்டினார். என் கை சின்னது, கணக்கு தப்பாதா என்று கேட்டேன். "கை சின்னதுன்னா கையோட நீளமும் சின்னதுதானே. சரியா வரும்" என்றார். அவர் என் கையைப் பிடித்து எதையாவது சொல்லித்தந்ததாக எனக்கு நினைவிருப்பது அந்த ராத்திரி மட்டும்தான்.

பாராட்ட மட்டும் அவருக்குத் தெரியவே தெரியாது. கால் கொப்புளத்தோடு முழுத் தூரமும் நடந்து முடித்த பிள்ளையிடம் "பரவால்லயே" என்று ஒரு சொல் சொன்னால் என்ன குறைந்துவிடப்போகிறது? அவர் கொப்புளத்துக்குக் கட்டுப் போட்டுவிட்டு, காலுறையைச் சுருக்கமில்லாமல் போடத் தெரியவில்லை என்பார்.

அவர் போன பிறகு வீட்டுக்கு வந்தவர்களில் பாதிப் பேரை எங்களுக்குத் தெரியாது. ஒரு பெண் வந்து அம்மாவின் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். மலைப்பாதையில் வைத்துத்தான் அவருக்குப் பழக்கமாம். அவளுடைய ஷூ பிளந்துபோய், கயிறு சுற்றி நடந்துகொண்டிருந்தாளாம். அடுத்த முறை பார்த்தபோது அப்பா ஒரு ஜோடி பூட்ஸைக் கொடுத்து, "வீட்ல சும்மா கெடந்துச்சு, அளவு சரியா இருக்கான்னு பாரு" என்றாராம். கச்சிதமாகப் பொருந்தியதாம்.

எங்கள் வீட்டில் அந்த அளவில் யாருக்கும் கால் கிடையாது. அளவு அவருக்கு எப்படித் தெரிந்தது என்று அவளுக்கும் புரியவில்லை, அம்மாவுக்கும் புரியவில்லை. பிறகு தம்பியிடம் சொன்னபோது சிரித்துவிட்டான். ஷூவில் கயிறு சுற்றிய அக்காவை அவனுக்கு ஞாபகம் இருந்தது. அவள் நடந்துபோன சேற்றில் அப்பா குனிந்து தடத்தைக் குச்சியால் அளந்து, அந்த நீளத்துக்கு ஒடித்துப் பையில் போட்டுக்கொண்டாராம்.

"எதுக்குப்பா குச்சின்னு கேட்டேன். வாய மூடிட்டு நடடான்னாரு."