செம்பு வளையங்களில் ஒரு கைச்சங்கிலி

அந்தக் காலப் போர்வீரர்களின் வளையக் கவசம் இருக்கிறதே, அந்த முறையில்தான் இப்போது நகை பின்னுகிறேன். பற்றவைப்பு இல்லை, பசை இல்லை. செம்புக் கம்பியும் இரண்டு குறடும் போதும்.

எல்லாம் ஒரு கணக்கில் நிற்கிறது: வளையத்தின் உள்விட்டத்தைக் கம்பியின் தடிமனால் வகுக்க வேண்டும். பைசாண்டைன் என்கிற, கயிறு போலத் திரண்டு வரும் பின்னலுக்கு 3.5 வாக்கில் வந்தால் அழகு. அதனால் 1 மி.மீ. கம்பியை 3.5 மி.மீ. ஸ்வெட்டர் ஊசியில் நெருக்கமாகச் சுற்றுகிறேன். விகிதம் குறைந்தால் அடுத்த வளையம் நுழையாது. கூடினால் பின்னல் தொளதொளவென்று ஆகிவிடும்.

சுற்றிய சுருளைத் தனித்தனி வளையங்களாக வெட்ட நகை ரம்பம்தான் சரி. கட்டிங் பிளேயரில் வெட்டினால் முனை கூராகித் துணியில் மாட்டும். அப்புறம், வளையத்தை அகட்டித் திறக்கவே கூடாது, வட்டம் கெட்டுவிடும். ஒரு முனையை முன்னும் மறுமுனையைப் பின்னுமாகத் திருப்ப வேண்டும். மூடும்போது கொஞ்சம் தாண்டிப் போய்த் திரும்பினால் இரண்டு முனையும் 'டிக்' என்று உரசும். அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு பிடிக்கும்! விரலால் தடவினால் இணைப்பே தெரியக்கூடாது.

அக்காவுக்கான கைச்சங்கிலி முடிந்தது. அடுத்தது, ஒரு வளையம் நான்கைக் கோக்கும் ஐரோப்பியப் பின்னலில் அகலமான கழுத்தணி. வெள்ளியில் செய்ய ஆசைப்படுபவர்கள் முதலில் செம்பில் கை பழகுங்கள். வெள்ளி விற்கிற விலைக்கு அதுதான் நல்லது.