தையில் வரும் பணம், மாதாமாதம் வரும் கார்டு பில்

சம்பா நெல்லுக்குப் பணம் தை, மாசியில்தான் கைக்கு வரும். கிரெடிட் கார்டு பில்லோ மாதம் தவறாமல் வந்து நிற்கும். டெல்டாவில் பலர் சறுக்குவது இந்த இடைவெளியில்தான்.

ஆவணியில் உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் 40,000 ரூபாய் தேய்த்துவிட்டு, 'மினிமம் டியூ' (கட்டியே ஆகவேண்டிய குறைந்தபட்சத் தொகை) 2,000 மட்டும் கட்டுவதாக வையுங்கள். மாதம் 3.5% வட்டி என்றால் 1,400. அதன் மேல் 18% ஜிஎஸ்டி 252. ஆக, கட்டிய 2,000-இல் அசல் குறைவது வெறும் 348 ரூபாய். பாக்கி நிற்கும்வரை, அடுத்து வாங்கும் மளிகைக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். பலர் கவனிக்காத இடம் இது. நடவுக் கூலிக்கு ஏடிஎம்மில் கிரெடிட் கார்டு போட்டுப் பணம் எடுப்பது இன்னும் மோசம்: எடுத்த அன்றே வட்டி, தனியாகக் கட்டணமும்.

நில உரிமையைக் காட்டும் சிட்டா, பயிர் விவரம் காட்டும் அடங்கலோடு முதலில் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போங்கள். பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டினால் வட்டியே கிடையாது. தேதி தவறினால் சலுகை போச்சு. கொள்முதல் நிலையத்தில் நெல் காத்துக் கிடக்கும் நாட்களையும் கணக்கில் சேருங்கள். அரசு தளர்த்தாதவரை, ஈரப்பதம் 17%-ஐத் தாண்டினால் எடைபோட மாட்டார்கள். நகையை அடகு வைத்துக் கார்டு பாக்கியை அடைப்பதும் பெரும்பாலும் லாபம்தான். மீட்கும் தேதி மட்டும் அறுவடைக்குப் பின் விழட்டும்.