அக்கா கேட்ட கேள்வி

"ஒருத்தர் கையெழுத்துப் போட்டாலே ஊருக்கே போட்ட மாதிரிதான்க்கா." டி.கல்லுப்பட்டிப் பக்கத்துச் சாவடியில் அன்றைக்கு நான் சொன்னது இதுதான். சொன்ன நேரத்தில் அதில் பிழை இல்லை. 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 35(1)(சி): ஒரே பாதிப்புள்ள பலருக்காக, ஆணையத்தின் அனுமதியோடு, ஒருவரே புகார் போடலாம். அந்தக்கா கேட்டது, "நானும் கையெழுத்துப் போடணுமா தம்பி?" என்று. எதற்கு இந்த வயதில் மதுரைக்கும் ஊருக்கும் அலைய வேண்டும் என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன். அல்லது மரத்தடியில் பேசுகிற வக்கீலுக்கு வந்துவிடுகிற தோரணையில் சொன்னேனோ என்னவோ.

விஷயம் மக்காச்சோள விதை. ஒரே கம்பெனி, ஒரே லாட் நம்பர். பயிர் ஆள் உயரம் வளர்ந்தது, கதிரும் தள்ளியது. உரித்துப் பார்த்தால் கிழவர் வாய்ப் பல் மாதிரி அங்கொரு மணி, இங்கொரு மணி. வேளாண் அலுவலர் வந்து பார்த்து அறிக்கையும் கொடுத்துவிட்டார். விதை வழக்கென்றால் எதிர்த்தரப்பு முதலில் கேட்பது, "மாதிரியைச் சோதனைக்கு அனுப்பினீர்களா?" வாங்கியதை எல்லாம் விதைத்துவிட்டவர் எதை அனுப்புவார்? தேசிய விதைக் கழக வழக்கில் 2012-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. விவசாயியும் நுகர்வோர்தான், அவர் மாதிரி எடுத்து வைத்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது என்று. அதனால் தெம்பாகவே இருந்தேன்.

பாகப்பிரிவினை, வாடகை, புரோநோட்டு என்று ஓடிய ஆள் நான். 2004-ல் ஒத்தக்கடைப் பக்கம் ஹைகோர்ட் கிளை வந்ததும் கூடப் படித்தவர்கள் பலர் அங்கே போனார்கள். நான் ஜில்லா கோர்ட்டை விட்டு நகரவில்லை. ஊர் மொத்தத்துக்கும் சேர்த்து ஒரே வழக்கு நடத்த வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஆசை என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நிலமும் நஷ்டமும் அவர்களுடையது.

புகாரை எழுத உட்கார்ந்தபோதுதான் பயம் வந்தது. ஒருவருக்கு அரை ஏக்கர், இன்னொருவருக்கு நாலு ஏக்கர். ஒருவர் ஊடுபயிர் போட்டிருந்தார், ஒருவர் கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சியிருந்தார், மற்றதெல்லாம் மானாவாரி. பெங்களூரு அடுக்குமாடி வழக்கில் 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது நினைவுக்கு வந்தது: எல்லோருக்கும் ஒரே நலன் என்றால் அதைப் புகாரிலேயே விவரமாகக் காட்ட வேண்டும்; இல்லாவிட்டால் சேர்ந்து வருகிறவர்களின் கூட்டுப் புகாராகத்தான் அது நிற்கும். அனுமதி மனு, அதற்கு எதிர்மனு, அனுமதி கிடைத்தால் நம் செலவில் பத்திரிகை அறிவிப்பு. அதிலேயே ஒரு வருடம் போய்விடும். சரி, வருகிறவர்கள் பெயரைப் போட்டுக் கூட்டுப் புகாராகவே தாக்கல் செய்துவிடலாம் என்று மாற்றிவிட்டேன். அந்த முடிவை இன்றும் தப்பென்று சொல்ல மாட்டேன். பெயர் போட்டவர்களுக்குப் பணம் வந்ததே.

ஊரில் எனக்குத் தொடர்பாக இருந்தவருக்குப் போன் போட்டு, "எல்லாரையும் வந்து கையெழுத்துப் போடச் சொல்லிருங்க" என்றேன். யார் யார் எல்லாரும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அக்கா அப்போது மகள் பேறுகாலத்துக்குத் திருப்பூர் போயிருந்தார். சாவடியில் எழுதிய நோட்டில் அவர் பெயர் இருந்தது. எல்லாரும் கையெழுத்துப் போட்ட வக்காலத்தோடு அதை ஒத்துப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

உத்தரவு வந்த பிறகு ஆபீசுக்கு வந்தார். ரேஷன் கார்டு உறைக்குள்ளிருந்து நாலாக மடித்த விதைப் பையை எடுத்து மேஜையில் விரித்தார். பச்சை டேக் தைத்தபடியே இருந்தது, லாட் நம்பர் பளிச்சென்று. பெயர் போட்டவர்களில் பாதிப் பேரிடம்கூட அப்படி ஒரு ஆதாரம் இல்லை.

"என் பேரு எத்தனாவதா இருக்கு தம்பி?"

புகார் போட அதே சட்டத்தின் பிரிவு 69-ன்படி கெடு இரண்டு வருடம். அது தாண்டியிருந்தது. போதிய காரணம் காட்டினால் ஆணையம் தாமதத்தை மன்னிக்கலாம். ஃபீஸ் வேண்டாம் என்று சொல்லி, மனுவும் அபிடவிட்டும் நானே தயார் செய்தேன். காரணம் எழுத வேண்டிய இடத்தில் என் கை தானாக எழுதியது: "சட்ட அறியாமை காரணமாக."

வக்கீல் செய்த தவறுக்குக் கட்சிக்காரரைத் தண்டிக்கக் கூடாது என்று 1981-லேயே ரஃபீக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வேறு வக்கீல்களின் கட்சிக்காரர்களுக்காக நானே அதைக் காட்டி வாதாடியிருக்கிறேன். அக்காவுக்கு அதுதான் பலமான காரணம். ஆனால் அதை எழுதினால் நான் விலகி, வேறொரு வக்கீலிடம் வழக்குக் கட்டை ஒப்படைத்து, நடந்ததை அவரிடம் சொல்ல வேண்டும். அறியாமை என்பதும் பொய் இல்லையே என்று சொல்லிக்கொண்டேன். சட்டம் தெரியாதுதானே அவருக்கு?

தமிழில் எழுதியதால் வந்தது வினை. குமாஸ்தா காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடாமல், விரல் வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தார். அந்த வரியில் விரல் நின்றது.

"அறியாமைன்னா எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கிறதுதான?"

"கோர்ட்டுல அப்படித்தான்க்கா எழுதுவாங்க."

"நாந்தான் கேட்டேனே தம்பி, கையெழுத்துப் போடணுமான்னு."

குரலில் கோபம் இல்லை. சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டார். நான் பேனாவை மூடி கழற்றி நீட்டினேன். வாங்கி, முதலெழுத்தோடு பெயரை முழுசாக எழுதினார்.

மனு நிலுவையில் இருக்கிறது. கூடுதல் அபிடவிட் ஒன்று போட இன்னும் நேரம் இருக்கிறது. இரண்டு வாய்தா போய்விட்டது.