மடை இல்லாத கண்மாய்

"இமயமலையில பனி உருகுனா ஆத்துல தண்ணி கூடத்தானே வரும், நல்லதுதானே சார்?" இராமநாதபுரம் கரையோரத்தில் நீரளவு வேலை பார்ப்பவர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி இது. வைகைத் தண்ணீருக்காக வருடமெல்லாம் வானத்தையும் மதுரைப் பக்கத்தையும் பார்த்திருக்கும் ஊரில் இப்படிக் கேட்பது நியாயம்தான். கண்மாயை வைத்தே பதில் சொல்லலாம். வரத்துக்கால் வற்றிய பிறகும் மடை திறந்திருந்தால் பாசன வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஓடுவது வரத்து அல்ல, இருப்பு. மலையில் மெல்ல நகரும் பெரும் பனிக்கட்டித் திரளான பனியாறும் அப்படித்தான், அங்கே மடையை அடைக்க ஆள் இல்லை, வெயில் திறந்தால் திறந்ததுதான்.

கணக்குப் போட்டால் இது இன்னும் தெளிவாகும். திறந்து கிடக்கும் பனிக்கட்டி, நாளின் சராசரி வெப்பம் பூஜ்யத்துக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 7 மி.மீ. தண்ணீரைத் தரும் என்று கொள்வோம் (இடத்துக்கு இடம் இது மாறும்). 10 சதுர கி.மீ. பனிப்பரப்பு, 5 டிகிரி வெப்பம் என்றால் ஒரு நாளைக்கு 35 மி.மீ., அதாவது 3.5 லட்சம் கன மீட்டர். நம் பொதுப்பணித்துறைக் கணக்கில் விநாடிக்குச் சுமார் 143 கனஅடி. வெப்பம் 6 டிகிரி ஆனால் 172 கனஅடி. இதைப் பார்த்துத்தான் "தண்ணி கூடுது" என்கிறோம். பரப்பு பாதியாகச் சுருங்கிய பின் அதே 6 டிகிரியில் கிடைப்பது 86 கனஅடிதான். முதலில் ஏறி, உச்சம் தொட்டு, பிறகு இறங்குகிற ஓட்டம் இது. ஏறுகிற காலத்து அளவை நம்பிப் பாசனப் பரப்பையும் மின்நிலையத்தையும் திட்டமிடுவதைத்தான் பெரிய ஆபத்தாகக் கருதுகிறோம். சிந்து நதி பனி உருகலை அதிகம் நம்பியிருக்கிறது. கங்கைச் சமவெளிக்குப் பருவமழையே பெரும்பங்கு. ஆனாலும் மழை வருமுன் மே, ஜூனில் கைகொடுப்பது மலைப்பனிதான்.

அளப்பதிலும் நம் பழக்கம் அங்கே செல்லாது. காலையில் ஒரு முறை அளவுகோலைப் பார்த்துக் குறித்தால் போதும் என்பது கண்மாய்க்குச் சரி. பனியாற்று ஓடையில் காலை நேரம்தான் ஓட்டம் குறைவு. பகல் வெயிலில் உருகியது பிற்பகலிலோ மாலையிலோதான் உச்சமாக வந்து சேரும். காலை அளவை மட்டும் வைத்தால் நாள் ஓட்டம் குறைத்தே பதிவாகும். வெள்ளம் பாறைகளை உருட்டி ஆற்றுப் படுகையை மாற்றிவிடுவதால், நீர்மட்டத்தை ஓட்டமாக மாற்றும் அட்டவணையையும் திரும்பத் திரும்பச் சரிபார்க்க வேண்டும். பனியின் இழப்பை அளக்க, பனியில் துளை போட்டு நட்ட மூங்கில் கழி முன்பும் பின்பும் எவ்வளவு வெளியே தெரிகிறது என்று பார்த்து, அந்த வித்தியாசத்தை 0.9 ஆல் பெருக்கினால் தண்ணீர்க் கணக்கு வரும். ஆழம் போதாமல் நட்டால் கோடை முடியுமுன் கழி சாய்ந்துவிடும், அந்த ஆண்டுப் பதிவே போய்விடும். அடிவாரக் கழியை மட்டும் பார்த்தால் இழப்பு மிகையாகத் தெரியும். மேலே குழி தோண்டிப் புதுப்பனியின் ஆழத்தையும் அடர்த்தியையும் எடுத்தாக வேண்டும். இமாசலத்தின் சோட்டா ஷிக்ரி பனியாற்றில் 2002 முதல் இப்படி அளந்து வருகிறார்கள்.

வைகை பிறப்பது வருசநாட்டு மலையில். அங்கே பனியாறு கிடையாது. நம் கரைக்கு இமயம் வந்து சேர்வது கடல் வழியாக. நிலத்துப் பனி 36,000 கோடி டன் உருகிக் கடலில் சேர்ந்தால் உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 1 மி.மீ. உயரும். கடல்நீர் சூடாகி விரிவதும் சேர்ந்து, 2006 முதல் 2018 வரை ஆண்டுக்குச் சராசரி 3.7 மி.மீ. உயர்ந்திருக்கிறது.

இது உறைக்கிற இடம் மண்டபம், இராமேசுவரம் பக்கத்து மணல் ஊற்றுகள். அங்கே நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது: கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் 40 அடி இருக்கும். தாழ்வான இடத்தில் கடல் ஏறும் அளவுக்கு ஊற்று மட்டம் ஏற முடியாது. மேலே 1 செ.மீ. குறைந்தாலே கீழே 40 செ.மீ. போகும். மோட்டார் போட்டு ஆழத்திலிருந்து இழுத்தால் விளைவு இன்னும் வேகம், குழாயின் நேர் கீழே உப்பு கூம்பாக மேலேறும். அதனால் ஆழ்துளை வேண்டாம். அகலமான, ஆழம் குறைந்த கிணறு, கொஞ்சம் கொஞ்சமாக இறைப்பு. கோடைக் கடைசியில், இறைக்கத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) பாருங்கள். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மி.கி. நல்லது, வேறு வழியில்லாதபோது 2000 வரை. முடிவில் அளவு ஏறியிருந்தால் அன்றே இறைப்பைக் குறைக்க வேண்டும். ஒரு முறை உப்பேறிய ஊற்று, அடுத்த ஐப்பசி மழை நன்றாகப் பெய்தாலும் உடனே தெளிந்துவிடாது.