துத்தநாக ஆக்சைடின் மேல் காப்பர் தயோசயனேட்: காலை வாரும் இடங்கள்

திடநிலைச் சாய சூரிய மின்கலத்தில் ஒளியைச் சாயம் உறிஞ்சும்; எலக்ட்ரானைத் துத்தநாக ஆக்சைடு கடத்தும், நேர்மின்னூட்டத்தைக் காப்பர் தயோசயனேட் கடத்தும். இதில் துத்தநாக ஆக்சைடை மின்முறையில் படிய வைப்பது சுலபம். 5 மில்லிமோலார் துத்தநாகக் குளோரைடு, 0.1 மோலார் பொட்டாசியம் குளோரைடு, 70 டிகிரி, ஆக்சிஜன் குமிழி, கலோமல் ஒப்பீட்டு மின்முனைக்கு எதிராக −1.0 வோல்ட். முதலில் சாயமில்லாத அடர்ந்த அடிப்படலம், பிறகு 50 மைக்ரோமோலார் ஈயோசின் ஒய் என்ற சாயம் சேர்த்து நுண்துளைப் படலம். பி.எச். 10.5 பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறப்போட்டு ஈயோசினைக் கழற்றினால், வேண்டிய சாயத்தை ஏற்றிக்கொள்ளலாம். கடலோர போர்வெல் தண்ணீரில் மட்டும் கரைசல் கலக்காதீர்கள்; கலங்கிவிடும்.

வம்பெல்லாம் துளைகளுக்குள் காப்பர் தயோசயனேட்டை நிரப்பும்போதுதான். அதற்கு எத்தனால் கரைசல் நல்லது. ஆனால் தூய எத்தனால் வாங்க அனுமதி வேண்டுமே! துறைத் தலைவர் முத்திரை இல்லை என்று விண்ணப்பம் ஒரு தரம் திரும்பியது. ஆண்டுத் தேவையை லிட்டரில் எழுதவில்லை என்று மறு தரம். இரண்டையும் முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அந்த எரிச்சலில் தண்ணீர்க் கரைசலுக்குத் தாவத் தோன்றும். தாவாதீர்கள். காப்பர் சல்பேட், செம்பு அயனியைப் பிடித்துவைக்கும் இ.டி.டி.ஏ., பொட்டாசியம் தயோசயனேட் கலந்த வழக்கமான கரைசலின் பி.எச். 2-ஐ ஒட்டி இருக்கும். டைட்டானியம் டை ஆக்சைடு அதைத் தாங்கும். துத்தநாக ஆக்சைடு தாங்காது. ஓரத்திலிருந்து கரைந்து, வெறும் கண்ணாடி பளபளவென்று எட்டிப் பார்க்கும். ட்ரைஎத்தனாலமைன் சேர்த்த காரக் கரைசல் உண்டு, ஆனால் காரம் ஏறினால் சாயம் கழன்றுவிடும்.

எத்தனால் கிடைத்த பிறகும் ஒரு கண்ணி: மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்கும் வெள்ளி–வெள்ளி குளோரைடு மின்முனை. அதிலுள்ள பொட்டாசியம் குளோரைடு எத்தனாலில் அவ்வளவாகக் கரையாது. முனையின் நுண்துளை அடைப்பில் உப்பாய் உறைந்து அடைத்துக்கொள்ளும். மின்னோட்டக் கோடு ரம்பப்பல் மாதிரி துள்ளினால் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பொட்டென்ஷியோஸ்டாட் கருவியைத் திட்டாமல் முனையைப் பாருங்கள். நடுவே இன்னொரு கரைசல் அறை உள்ள இரட்டைச் சந்தி மின்முனை போட்டால் சிக்கல் தீரும்.

பொட்டாசியம் தயோசயனேட் ஈரம் உறிஞ்சும். ஆனி, ஆடிச் சாரலில் நாகர்கோவிலில் பாட்டிலைத் திறந்து வைத்தால் கட்டி தட்டி, எடை பொய்யாகும், ஈரம் புகாத டெசிகேட்டர் ஜாடியில் வையுங்கள். மின்னோட்டத்தைக் குறைவாகவே வைத்து நிரப்புங்கள். அவசரப்பட்டால் துளைவாய் மூடி, அடியில் வெற்றிடம் நிற்கும். ஓரங்களில் தெரியும் எஃப்.டி.ஓ.வை (கண்ணாடி மேலுள்ள மின்கடத்தும் பூச்சு) மின்கடத்தாத காப்டன் டேப்பால் மறைப்பதும் கட்டாயம். மேல் மின்முனையாகத் தங்கம் பூசியபின் இருட்டில் மின்னோட்ட–மின்னழுத்தக் கோடு நேர்கோடாய்ப் பூஜ்யம் வழியே போனால், எங்கோ ஷார்ட். அந்தத் துண்டில் வெளிச்சத்தில் அளந்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.